நம்ம பக்கம்

கீழ்க்கரைப்பேட்டில் வேலம்மாளிடம் வாய் கொடுத்துவிட்டு மானத்தோடு வீடு திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதுச்சேரி மாநிலத்தில், பாகூருக்குத் தெற்கே இருக்கிற ஊர் அது. நாலு தெரு, ஒரு மேல்நிலைத் தொட்டி, தொட்டியடியில் தெருவுக்கு ஒன்றாக நாலு வால்வு. அந்த நாலுக்கும் ஒரே அதிகாரி வேலம்மாள். அதிகாரி என்பது ஊர் வைத்த பட்டம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ஏட்டில் அவள் பெயருக்கு நேரே ‘தினக்கூலி’ என்றுதான் ஒன்பது வருடமாக எழுதியிருக்கிறது.

வயது நாற்பத்தெட்டு. படிப்பு எட்டாவது. புடவைக்கு மேல் புருஷன் அய்யனாரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்புயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு காலை ஐந்தரைக்கு வந்துவிடுவாள். சாவியைக் குழிக்குள் விட்டு ஒரு திருகு திருகினால் போதும், பைப்புக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் திருட்டு மோட்டார் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். “ஏய், மூணாவது வூடு! மோட்டார நிறுத்துறியா, நான் வந்து ஒயர புடுங்கட்டுமா?” என்று தொட்டியடியிலிருந்தே குரல் கிளம்பும். மோட்டார் நின்றுவிடும். நிற்காமல் என்ன செய்யும்?

இப்பேர்ப்பட்டவளுக்கும் தலை குனிய ஒரு தெரு இருந்தது. அதுதான் மேட்டுத் தெரு. ஊரின் கடைக்கோடியில், கொஞ்சம் மேடான இடத்தில் முப்பத்தெட்டு வீடுகள். மற்ற தெருக்களுக்கு முக்கால் மணி நேரம் தண்ணீர் விட்டால், மேட்டுத் தெருவுக்கு ஒன்றரை மணி நேரம் விடுவாள். அப்படியும் வீட்டுக்கு இரண்டு குடம் வந்தால் அதிகம். மூன்றாவது குடத்தில் குழாய் காற்றைத்தான் ஊதும்.

பழி யார் மேல் விழும்? தொட்டி மேலா விழும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று தெருவே பேசியது. பேச்சில் முதல் ஆள் விஜயராணி. திருபுவனை கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் குழாயடியில் நின்று குடம் நிறையாமல், பஸ்ஸுக்கு ஓடும்போது தொட்டியடியைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடுவாள்.

“ஏம்மே வேலம்மா! எங்க தெருவுக்கு மட்டும் உன் கை சுருக்குனு மூடிக்குதா? நீ நல்லா இருப்பியா?”

ஊருக்கே பதில் வைத்திருக்கும் வேலம்மாள் விஜயராணிக்கு மட்டும் பதில் சொன்னதில்லை. சாவியைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். ஏனென்றால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ஒவ்வொரு காலையும் ஆறே முக்காலுக்கு வந்து அவளைப் பிடுங்கித் தின்றது.

விஷயம் புரிய வேண்டுமென்றால் எல்லைத் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் பக்கம் இது சகஜம். தொட்டியடியிலிருந்து மேட்டுத் தெருவுக்குப் போகிற வழி அது. தெருவின் தெற்கு வரிசை வீடுகள் புதுச்சேரி. வடக்கு வரிசை தமிழ்நாடு. எல்லை நடுத்தெருவில் ஓடுகிறது. தெற்குப் பாதிக்கு நம் கொம்யூன் தார் போடும். வடக்குப் பாதிக்கு அவர்கள் பஞ்சாயத்து எப்போதாவது ஜல்லி கொட்டும். சாராயக் கடை தெற்கே, குடித்துவிட்டு விழுகிறவன் வடக்கே. எந்தப் போலீசைக் கூப்பிடுவது என்று முடிவாவதற்குள் அவனே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான்.

பதினோரு வருடம் முன்பு மேட்டுத் தெருவுக்கென்று தனியாக ஒரு பைப்பு போட கொம்யூன் உத்தரவு போட்டது. எல்லைத் தெருவின் தெற்குப் பாதியில், முந்நூற்றுப் பத்து மீட்டர், மூன்றடி ஆழம். தோண்ட வந்த கூலி ஆட்கள் எல்லாம் வெளியூர், உள்ளூரில் வேலம்மாள் ஒருத்திதான். அப்போது அவளிடம் வால்வும் இல்லை, பட்டமும் இல்லை. கடப்பாரை மட்டும்தான். மேஸ்திரி பலராமன் என்று ஒரு மனுஷன், தங்கமான ஆள். ஆனால் வடக்கு வரிசைக்காரர். காண்டிராக்டர் போனில் அவரிடம், “நம்ம பக்கமா தோண்டிக்கினு போங்க மேஸ்திரி” என்றார். மேஸ்திரியும் திரும்பி ஆட்களிடம், “நம்ம பக்கமா தோண்டுங்கபா” என்றார். சொல்லிவிட்டு அவர் கை காட்டியது வடக்கே. அவருக்கு நம்ம பக்கம் அதுதானே!

கடப்பாரையை ஓங்கும்போதே வேலம்மாளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. புதுச்சேரிப் பைப்பை ஏன் அந்தப் பக்கம் புதைக்கிறோம்? ஆனால் மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான். வடக்கே மண்ணும் இளக்கமாக இருந்தது. கூலி ஆளுக்கு மண் இளக்கமாக இருந்தால் போதாதா? வாயை மூடிக்கொண்டு தோண்டினாள். பைப்பை இறக்கி மண்ணைத் தள்ளி மூடிய பிறகு ஓவர்சியர் வந்தார். “நம்ம பக்கந்தானே போட்டீங்க?” என்று கேட்டார். “ஆமாங்க, நம்ம பக்கந்தான்” என்றார் மேஸ்திரி. யாரும் பொய் சொல்லவில்லை. நாடாவைப் பிடித்து நீளத்தை அளந்தார்கள், ஏட்டில் ஏறிவிட்டது. அளவு நாடாவுக்கு எல்லை தெரியுமா?

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும், காரணம்தான் தெரியாது. வடக்குப் பாதியில் கரும்பு லாரிகளும் செங்கல் டிராக்டர்களும் ஏறி இறங்கின. பூமிக்குள் பைப்பு இணைப்பு விட்டது. தண்ணீரில் பாதி அங்கேயே மண் குடித்தது. நம்மவர்கள் அங்கே போய்த் தோண்ட முடியாது, அது தமிழ்நாடு. அவர்கள் பஞ்சாயத்துக்கு அப்படி ஒரு பைப்பு இருப்பதே தெரியாது, அன்று பள்ளத்தைப் பார்த்த தெருக்காரர்களும் ஏதோ தமிழ்நாட்டு வேலை என்று நினைத்து மறந்துவிட்டார்கள். கோடையிலும் அந்த ஓரத்தில் மட்டும் கோரைப்புல் இடுப்புயரம் நின்றது. ‘நம்ம மண்ணு ராசி’ என்று வடக்கு வரிசைக்காரர்கள் அதில் மாட்டைக் கட்டினார்கள்.

இந்த வருடம் தை மாதம் கொம்யூன் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. உள்ளாட்சித் தேர்தல் நடந்து ஒரு மாமாங்கத்துக்கும் மேல் ஆகிறது. கவுன்சிலரும் இல்லை, சேர்மனும் இல்லை, எல்லாம் ஆணையர்தான். ஊர் வேலைகளை முடிவு செய்ய ஆணையர் மக்களைக் கூட்டி ஆலோசனை கேட்கிறாராம். கீழ்க்கரைப்பேட்டுக்கு இந்த வருடம் ஒரே வேலைதான். எல்லைத் தெருவின் தெற்குப் பாதிக்கு சிமெண்ட் ரோடு, அல்லது மேட்டுத் தெருவுக்குப் புதுப் பைப்பு. மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். அதை விடப் பெரிய சங்கதி ஒன்று நோட்டீசின் அடியில் இருந்தது. சிமெண்ட் ரோடு போட்டால் ஏழு வருடத்துக்கு அதை வெட்டக் கூடாது.

நோட்டீசைப் படித்த அன்றே, கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வேலம்மாள் முடிவு செய்துவிட்டாள். புதுப் பைப்பு போக வேண்டியதும் அந்தத் தெற்குப் பாதியில்தான், ரோடு விழுந்தால் மேட்டுத் தெருவுக்கு இன்னும் ஏழு வருடம் இரண்டு குடம்தான். அய்யனாரிடம் சொன்னபோது அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டான்.

“இன்னாடி பேசற? நிரந்தரம் பண்ற லிஸ்டுல உம்பேரு இருக்குது. ஃபைலு அந்த ஆணையர் மேசையிலதான் கெடக்குது. நான்தான் தப்பா தோண்டுனேன்னு அங்கியே போய் சொல்லப் போறியா? சொரணையோடதான் பேசறியா?”

“மேஸ்திரி சொன்னாரு, தோண்டுனேன்.”

“அப்ப மேஸ்திரியே வந்து சொல்லட்டும்.”

“அவரு செத்து நாலு வருசம் ஆவுது.”

“அப்ப நீயும் கம்முனு இரு. கார்த்திகா படிப்பு முடியறவரைக்குமாவது வாய மூடிக்கினு இரு!”

பெண் கார்த்திகா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வேலம்மாள் பேச்சை வளர்க்கவில்லை. அய்யனார் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நியாயமில்லாத பேச்சாக இருந்தால் நாலு வாங்கு வாங்கியிருப்பாள்.

கூட்டம் கொம்யூன் ஆபீஸ் மாடியில். ஆணையர் செந்தில்நாதன் அதிகம் பேசாத மனுஷர், பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்பார். பக்கத்தில் இளநிலைப் பொறியாளர் தீபிகா. வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஆனால் எந்த ஃபைலில் எந்தத் தாள் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற பெண். எல்லைத் தெருவின் சார்பில் கனகராஜ் எழுந்தார். அந்தத் தெருவில் சிமெண்ட், பெயிண்ட் கடை வைத்திருப்பவர்.

“லாரி போற புழுதியில கடையில உக்கார முடியல சார். பெயிண்ட் டப்பா மேல விரல வெச்சா பேரு எழுதலாம். ரோடு போட்டே ஆவணும்.”

“சிமெண்ட் விக்கிறவரு சிமெண்ட் ரோடு கேக்காம மண் ரோடா கேப்பாரு?” என்று பின்னாலிருந்து யாரோ போட, ஹால் சிரித்தது. கனகராஜும் சிரித்தார். அவரும் கெட்டவர் இல்லை, புழுதியும் பொய் இல்லை.

மேட்டுத் தெருவுக்கு விஜயராணி பேசினாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பேச்சு என்று என்ன, வழக்கமான காலை அர்ச்சனைதான். பைப்பு இருக்கிறது, தண்ணீர் இல்லை, வால்வுக்காரி கை சரியில்லை, அவளை மாற்றுங்கள் என்றாள்.

தீபிகா ஃபைலைத் திறந்து மரியாதையாகவே சொன்னாள். “மேட்டுத் தெருவுக்குப் பைப்பு போட்டுப் பதினோரு வருஷம்தான் ஆகுது. ஏட்டுல முப்பது வருஷம் தாங்கும்னு இருக்கு. நல்லா இருக்கிற பைப்புக்கு மேல புதுப் பைப்பு கேட்டா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. ரோடுதான் சார் சரி.”

ஆணையர் பேனா மூடியைக் கழற்றினார். எழுதப் போகிறார். வேலம்மாள் எழுந்தாள்.

“சார், ஏட்டுல இருக்கிற பைப்பு அந்த எடத்துல இல்ல சார்.”

“இல்லன்னா எப்படிம்மா?” என்றாள் தீபிகா. “முந்நூற்றுப் பத்து மீட்டர், மூணடி ஆழம். அளவுப் புத்தகத்துல இருக்கே.”

“நீளம் சரி மேடம். ஆழமும் சரி, நானே தோண்டுன ஆழம். பக்கந்தான் தப்பு. பைப்பு தமிழ்நாட்டுல கெடக்குது.”

ஹாலில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. வேலம்மாள் நிறுத்தவில்லை. மேஸ்திரி, கை காட்டியது, இளக்கமான மண், ஓவர்சியர் கேட்ட கேள்வி என்று ஒன்று விடாமல் சொன்னாள். “நம்ம பக்கம்னா எங்களுக்குத் தெக்க சார், அவருக்கு வடக்க. அவ்ளோதான் நடந்துச்சு” என்று முடித்தபோது ஆணையரின் உதட்டோரம் கொஞ்சம் நெளிந்தது. உடனே முகத்தைச் சரி செய்துகொண்டார்.

“இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?”

“பயந்தான் சார். வேலைக்கு உலை வெச்சிடுவாங்களோன்னு பயம். ஒருக்கா ஒரு இன்ஜினீயர்கிட்ட சொன்னேன், ஏட்டுல சரியா இருக்குது, நீ வால்வ மட்டும் பாருன்னாரு. நானும் வுட்டுட்டேன். வுட்டது என் தப்பு.”

விஜயராணி எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது. “அடிப்பாவி! தொட்டியடிய பாத்து அத்தினி வாட்டி கேட்டேனே, ஒரு வார்த்த சொன்னியா? நீதான் தோண்டுனியா?”

“ஆமாண்டி, நான்தான் தோண்டுனேன். திட்டு. நல்லா திட்டு. ஆனா இன்னிக்கி என்னத் திட்டிக்கினே இருந்தா நாளைக்கி ரோடு வந்துடும். மொதல்ல பைப்ப கேளு, அப்பால வூட்டுக்கு வந்து திட்டு.”

விஜயராணி சட்டென்று ஆணையர் பக்கம் திரும்பினாள். “சார், பைப்பு!” என்றாள்.

கனகராஜ் விடவில்லை. “சார், வாயால சொல்றத வெச்சா ரோட்ட நிறுத்துவீங்க? ஏடு பொய்யா?”

“ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆவாது மொதலாளி. நாளைக்கிக் காலையில ஒங்க கட வாசல்லயே தோண்டிப் பாத்துடலாம். பைப்பு வந்துச்சுன்னா நானே நின்னு ரோட்டுக்குத் தண்ணி ஊத்தறேன்” என்றாள் வேலம்மாள்.

ஆணையர் பேனாவை மூடினார். “நாளைக்குக் காலையில ஏழு மணி” என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கு எல்லைத் தெருவில் நிற்க இடமில்லை. ஒரு வரிசை புதுச்சேரி, எதிர் வரிசை தமிழ்நாடு, இரண்டு மாநிலமும் வேடிக்கை பார்த்தது. ஏட்டில் இருந்த அளவைப் பிடித்து தீபிகா சுண்ணாம்பால் கோடு போட்டாள். கனகராஜ் கடைக்கு முன்னால் இரண்டு ஆட்கள் தோண்டினார்கள். மூன்றடி வந்தது. பைப்பு வரவில்லை. நாலடி வந்தது. கடப்பாரையே படாத கெட்டிச் செம்மண். இன்னும் இரண்டு இடத்தில் தோண்டச் சொன்னாள் தீபிகா. அங்கேயும் அதே மண்தான். கனகராஜ் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாபா இது!” என்று தலையைச் சொறிந்தார்.

“இந்தப் பக்கம் இல்லைன்னு ஆச்சு. அந்தப் பக்கம் இருக்குன்னு எப்படித் தெரியும்? அங்க நாம தோண்ட முடியாதே” என்றார் ஆணையர்.

“தோண்ட வாணாம் சார். அந்தக் கோரைப்புல்லு கிட்ட நில்லுங்க. நான் போய் வால்வ தொறக்கறேன்.”

தொட்டியடிக்கு நடந்தாள். அன்று காலை வேண்டுமென்றே மேட்டுத் தெரு வால்வைத் திறக்காமல் வைத்திருந்தாள். சாவியைக் குழிக்குள் விட்டாள். ஒன்பது வருடமாகத் தெரிந்த சத்தம், அது எங்கே போகிறது என்று இன்றைக்குத்தான் ஊர் பார்க்கப் போகிறது. முழுசாகத் திறந்தாள்.

மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் கோரைப்புல்லின் அடியில் மண் நெகிழ்ந்தது. ஒரு குமிழி, அடுத்து நாலு, பிறகு விரல் தடிமனுக்குத் தண்ணீர் கொப்பளித்து, தமிழ்நாட்டு மண்ணில் கலங்கலாக ஓடி ஆணையரின் செருப்பை நனைத்தது. வடக்கு வரிசையில் மாடு கட்டியிருந்த ஆள், “அட, இது ஒங்க தண்ணியா?” என்று கேட்டுவிட்டான். தெருவே சிரித்தது. விஜயராணி மட்டும் சிரிக்கவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. “எத்தினி கொடம்டி...” என்றாள். வால்வை மூடிவிட்டு வந்த வேலம்மாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

மூன்றாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேட்டுத் தெருப் பைப்புதான் முதல் வேலை என்று ஆணையர் முடிவு செய்துவிட்டார், ரோடு அடுத்த வருடம். ஆனால் பழைய பைப்பு ஏட்டில் ஓரிடத்திலும் பூமியில் வேறிடத்திலும் இருப்பதற்கு மேலிடத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். அன்று தோண்டியவர்களில் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் நகரும். மற்றவர்கள் யாரும் வரவில்லை. வேலம்மாள் வந்திருந்தாள். வாசலில் அய்யனார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றான். ஆனாலும் கூட வந்திருந்தான்.

குமாஸ்தா அவள் சொல்லச் சொல்ல எழுதினார். “மேஸ்திரி சொன்னபடி நம்ம பக்கத்துக்குப் பதிலாக...” என்று அவர் வாசித்ததும் வேலம்மாள் பதறிப்போனாள்.

“ஐயோ சார், அந்த வார்த்த வாணாம்! தெக்குப் பக்கம், வடக்குப் பக்கம்னு எழுதுங்க. இன்னொருவாட்டி என்னால தோண்ட முடியாது.”

தீபிகா வாய் விட்டே சிரித்தாள். குமாஸ்தா அடித்துவிட்டுத் திருத்தினார். ஆணையர் சிரிக்கவில்லை. முன்னால் கிடந்த இன்னொரு ஃபைலில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

“வேலம்மா, ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கங்க. இதுல நீங்க கையெழுத்துப் போட்டா விசாரணைன்னு ஒண்ணு வரும். பெரிசா ஒண்ணும் ஆகாது, ஆனா அது முடியறவரைக்கும் உங்க நிரந்தர ஃபைலை என்னால அனுப்ப முடியாது. ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டும் ஆகலாம். யோசிச்சுச் சொல்லுங்க.”

வேலம்மாள் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, நிதானமாக முழுக்கப் படித்தாள். நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம், பென்ஷன், கார்த்திகாவின் கடைசி வருட ஃபீஸ். எல்லாம் அவளுக்கும் தெரியும். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். ஆணையரைப் பார்க்கவில்லை, தீபிகாவைப் பார்த்தாள்.

“புதுப் பைப்பு எத்தினி இஞ்சு மேடம்?”

“நாலும்மா. நிதி அதுக்குத்தான் வரும்.”

வேலம்மாள் தாளை மேசை மேல் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்தாள். “நாலு இஞ்சு மேட்டுக்கு ஏறாது மேடம். இப்பகூட நாலுதான் கெடக்குது. ஒடையாம இருந்திருந்தாலும் கடைசி பத்து வூட்டுக்குப் பத்தியிருக்காது. ஆறு போடுங்க.”

“எஸ்டிமேட் முடிஞ்சுதும்மா...”

“என் ஃபைலு ஒரு வருசம் கெடக்கட்டும், ரெண்டு வருசம் கெடக்கட்டும். அது என் பாடு. அத்த குடுத்துட்டு நான் நாலு இஞ்சு பைப்ப வாங்கிக்கினு போவமாட்டேன் சார்.”

ஆணையர் தீபிகாவைப் பார்த்தார். தீபிகா எஸ்டிமேட்டைப் புரட்டினாள். கடைசித் தாளில் விரலை நிறுத்தி, “ஆபீஸ் காம்பவுண்டு சுவர் வேலையைத் தள்ளி வெச்சா வரும் சார்” என்றாள். ஆணையர் ஜன்னல் வழியாகப் பாதி இடிந்து கிடக்கிற சுவரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தீபிகா நாலை அடித்து, பக்கத்தில் ஆறு என்று எழுதி, ஓரத்தில் இனிஷியல் போட்டாள்.

வேலம்மாள் குனிந்து அந்த ஆறை நன்றாகப் பார்த்தாள்.

“இப்ப குடுங்க பேனாவ” என்றாள்.